காலி டின் ஆயாவுக்கு

பெப்ரவரி 21, திங்கள்

பிள்ளை மடுவத்துக்குக் கொடுத்த புது டைரி மேசையில் சும்மா கிடந்தது. பிள்ளைகள் வரவு எழுதுவதற்கு வேறு புத்தகம் இருக்கிறது, அதைத் தோட்டத்து மேனேஜர் துரை பார்ப்பார். இதை யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால் மனசில் இருப்பதை இதில் எழுதலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் பேர் மங்களேஸ்வரி. இந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் அது ஞாபகம் இருக்காது. தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கு மடுவத்துக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து எல்லாருக்கும் நான் ஆயாம்மாதான். அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் அவர்கள் பிள்ளைகளைக் கழுவி, துடைத்து, பால் கரைத்துக் கொடுத்து, தூங்கவைத்து, சாயந்திரம் திருப்பிக் கொடுப்பது என் வேலை. கொடுக்கும்போது பிள்ளை சிரித்தால் அது அம்மாவைக் கண்ட சந்தோஷம். அழுதால் ஆயா அடித்திருப்பாள். இந்த உத்தியோகம் இப்படித்தான்.

இன்றைக்கு ஸ்டோரில் பிள்ளைகளுக்குக் கரைக்கும் பால்மா டின் குறைத்துத்தான் கொடுத்தார்கள். "கப்பல் கொழும்புல நிக்குதாம் ஆயாம்மா. சாமான எறக்க அரசாங்கத்துக்கிட்ட டாலர் இல்லையாம்" என்றார் ஸ்டோர்காரர். டாலரை நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் பிள்ளைகளின் பாலுக்கும் அதற்கும் சொந்தம் உண்டென்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

வெறும் டின் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மடுவத்தில் அது ஒரு வழக்கம், காலி டின் ஆயாவுக்கு. எனக்கு முன்னால் இருந்த ஆயா காலத்திலிருந்தே அப்படித்தான். என் குசினியில் உப்பு, சீனி, மிளகாய்த்தூள் எல்லாம் பால்மா டின்னில்தான் இருக்கின்றன. அதைப்பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பெப்ரவரி 24, வியாழன்

பகலில் கரண்ட் இல்லை. பிள்ளைகளுக்கு என்ன தெரியும், நன்றாகத் தூங்கினார்கள்.

பெப்ரவரி 27, ஞாயிறு

மகள் நிரோஷினி கொழும்பிலிருந்து வந்து நிற்கிறாள், கையில் பேரன் துஷானோடு. அவள் வேலை செய்த கார்மென்ட் ஆலையில் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையாம். கூப்பிடும்போது வாருங்கள் என்று எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். மருமகன் ஆட்டோவைப் பெட்ரோல் வரிசையில் போட்டுவிட்டு அதிலேயே படுத்திருக்கிறாராம். இடத்தை விட்டு வந்தால் போச்சு.

பேரப்பிள்ளைக்கு ஏழு மாசம். கையில் வாங்கினால் கோழிக்குஞ்சைத் தூக்கின மாதிரி இருக்கிறது. "பால் வத்திப்போச்சும்மா. பால்மா வாங்கக் கடைகடையா ஏறுனேன். பாக்கெட்டு வந்தா ஆளுக்கு ஒண்ணுதான், அதுவும் நான் போறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றாள். மகள் மெலிந்திருப்பதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் வெளியே போய் நின்றுகொண்டார்.

மார்ச் 3, வியாழன்

டின் ஒன்று காலியானது. வீட்டுக்கு எடுத்து வந்தேன். அடியிலும் ஓரத்திலும் ஒட்டியிருந்ததைச் சுரண்டினால் ஒரு போத்தலுக்குக் காணும். பையன் ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தூங்கினான்.

கரண்டி நிரம்பாத டின் காலி டின்தான். இதில் பேச என்ன இருக்கிறது.

மார்ச் 8, செவ்வாய்

முன்பெல்லாம் பத்து மணி ஆனால் அம்மாமார் மலையிலிருந்து இறங்கி ஓடிவருவார்கள். சட்டையை நனைத்துக்கொண்டு வருகிற பெண்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்து பால் கொடுப்பார்கள். மடுவமே கலகலவென்று இருக்கும், மாமியார்மார் எல்லாரும் அந்த அரை மணி நேரத்தில் பிழிந்து காயப்போடப்படுவார்கள்.

இப்போது யாரும் வருவதில்லை. போன வருஷம் அரசாங்கம் ஒரே உத்தரவில் ரசாயன உரத்தை நிறுத்தியது. இயற்கை உரம் போட்டு நாட்டைக் காப்பாற்றப்போகிறார்களாம். தேயிலைச் செடிக்கு அந்த நல்ல எண்ணம் புரியவில்லை. கொழுந்து வரவில்லை. பதினெட்டு கிலோ பறித்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். முன்பு மத்தியானத்திலேயே பதினெட்டைத் தொட்டவர்கள் இப்போது சாயந்திரம் வரை தடவினாலும் தொடுவதில்லை. பால் கொடுக்க இறங்கி ஏறினால் அந்த நேரத்துக்கான கொழுந்து போய்விடும்.

இன்றைக்குத் தவமணியை மடுவத்துப் படியில் பார்த்தேன். அவள் மகள் அபிஷாவுக்கு ஒன்பது மாசம். பாதி வழி இறங்கி நின்று மார்பை முழங்கையால் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அழுவுறாளா ஆயாம்மா?" என்று கேட்டாள்.

"தூங்குறா, நீ போ" என்றேன். உள்ளே அபிஷா வீரிட்டுக்கொண்டிருந்தாள். தவமணிக்கும் அது கேட்டிருக்கும். திரும்பி ஏறிப் போய்விட்டாள்.

அம்மாமார் வராததால் எல்லாப் பிள்ளைக்கும் போத்தல்தான். டின்னோ குறைகிறது, வாயோ கூடுகிறது. தண்ணீரைக் கொஞ்சம் கூட்டித்தான் கரைக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்ய, நான் என்ன மாடா?

மார்ச் 14, திங்கள்

காலி டின் ஒன்று.

மார்ச் 17, வியாழன்

மிட்வைஃப் மிஸ் வந்து பிள்ளைகளை நிறுத்துப் பார்த்தார். முக்கால்வாசிப் பேர் ஏறவில்லை. அபிஷா போன மாசத்தைவிடக் குறைந்திருக்கிறாள். மிஸ் தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் நிறுத்தார். அது பழைய தராசு, அதை நம்புவதற்கில்லை.

நிரோஷினியும் துஷானைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவன் ஏறியிருந்தான். மிஸ் கன்னத்தைக் கிள்ளி, "இந்தக் கஷ்டத்துலயும் இவரு மட்டும் நல்லா இருக்காரே" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கொழும்புக் காற்று, அதுதான் என்று நான் சொன்னேன். கொழும்புக் காற்றில் யாரும் கொழுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. வாயில் வந்தது, சொன்னேன்.

இரவு சாப்பிடும்போது வீட்டுக்காரர், "டின்னெல்லாம் இப்ப சீக்கிரமே காலியாகுது போல" என்றார். "ஆமா, ஸ்டோர்லயே குறைச்சுத்தான் அனுப்புறானுங்க" என்றேன். அவர் சீனி இல்லாத பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் படுத்தார்.

மார்ச் 24, வியாழன்

மண்ணெண்ணெய் வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டு வீட்டுக்காரர் கேனோடு டவுனுக்குப் போனார். வெயிலில் நின்று, கடைசியில் இவருக்கு முன்னால் இருந்தவரோடு முடிந்துவிட்டதாம். வெறும் கேனோடு நடந்தே வந்தார். காலில் கொப்புளம். அங்கே பையன்கள் ரோட்டில் டயர் வைத்துக் கொளுத்தி அரசாங்கத்தைத் திட்டினார்களாம்.

"கொளுத்துனா எண்ணெய் வருமா?" என்றேன்.

"வராதுதான். ஆனா பாக்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். இந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதே இல்லை.

தோட்டத்துத் தலைவர் கணேசமூர்த்தி லயத்துக்கு லயம், ஒரு வீட்டு வரிசை விடாமல் வந்து, பொறுங்கள், யூனியன் மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு வேலையே அதுதான். எலெக்ஷன் வந்தால் ஓட்டுப் போடுங்கள் என்பார், போட்டு முடிந்தால் பொறுங்கள் என்பார்.

எனக்கு இந்தப் போராட்டமெல்லாம் ஒத்துவராது. பிள்ளைகளை விட்டுவிட்டு நான் எங்கே போக?

ஏப்ரல் 6, புதன்

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை எடுத்தேன். 

பத்தரை இருக்கும். தவமணி முதுகில் கூடையோடு மடுவத்துக்குள் நுழைந்தாள். அபிஷா வாயிலிருந்த போத்தலைப் பிடுங்கினாள். வெளியே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். போத்தலுக்கு அந்தப் பக்கம் இருந்த மலை அப்படியே தெரிந்தது.

"இது பாலா ஆயாம்மா? அரிசி கழுவுன தண்ணியே இதவிடக் கட்டியா இருக்கும்."

"ஸ்டோர்ல குடுக்குறதத்தானே நான் கரைக்கணும்? வேணும்னா துரைகிட்டப் போயிக் கேளு."

"துரை வீட்டுப் புள்ளயா கொழுத்திருக்கு? ஒங்க வீட்டுப் புள்ளதானே கொழுத்திருக்கு!"

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். அலமாரியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். பாதி டின் ஒன்றுதான் இருந்தது. நான் கெட்டி மேளம் மாதிரி சத்தம் போட்டேன். உங்கள் பீயையும் மூத்திரத்தையும் அள்ளின கையைப் பார்த்தா இப்படிக் கேட்கிறீர்கள் என்று கேட்டேன். அதில் ஒருத்தி நான் வளர்த்த பிள்ளை, அவளும் இந்த மடுவத்தில் தூங்கினவள்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தவமணி குனியவில்லை.

"ஞாயித்துக்கெழமை கோயிலுக்கு வாங்க. மாரியம்மா முன்னால கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. பண்ணிட்டா ஒங்க கால்ல விழுறேன்."

இந்தத் தோட்டத்தில் போலீஸ், கோர்ட் எல்லாவற்றுக்கும் மேலே அதுதான். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அதற்கப்புறம் கேள்வி கிடையாது. பொய் சொன்னால் வம்சம் தழைக்காது என்பார்கள். என் வம்சம் என்று இருப்பது துஷான் ஒருத்தன்தான்.

வேலை போனால் போகட்டும். இவ்வளவு காலம் சேர்த்த பேர் போய்விட்டால் இந்த லயத்தில் எப்படி நடமாடுவேன்?

ஏப்ரல் 8, வெள்ளி

என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருக்கிறேன். "தாயே, காலி டின்னைத் தவிர இந்த மடுவத்திலிருந்து நான் எதையும் எடுத்துப் போனதில்லை." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வீட்டுக்கு டின் எடுத்து வரவில்லை. துஷானுக்குக் கஞ்சித் தண்ணி கொடுத்தோம். துப்புகிறான்.

ஏப்ரல் 10, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோயிலில் கீழ்க்கணக்கு முழுக்கக் கூடிவிட்டது. திருவிழாவுக்குக்கூட இத்தனை பேர் வந்ததில்லை. நான் குளித்து ஈரப் புடவையோடு போய் நின்றேன். நிரோஷினி வரவில்லை. தலைவர் தொண்டையைச் செருமி நியாயம் பேசத் தொடங்கினார். தவமணி அவரை நிறுத்தி, "பேச்செல்லாம் வேணாண்ணே, சத்தியத்த வாங்குங்க" என்றாள்.

பூசாரி தட்டை எடுக்காமல் நின்றார்.

"கற்பூரம் இல்லம்மா" என்றார்.

"என்னது?"

"கடைகள்ல இல்ல. வெளிநாட்டுலருந்து வரணுமாம், வரலயாம். ரெண்டு வெள்ளிக்கெழமையா வெறும் வெளக்கத்தான் காட்டிட்டு இருக்கேன். அதுக்கும் எண்ணெய் முடியப்போகுது."

 யாரோ ஒரு பையன், "மெழுகுத்திரியில பண்ணட்டுமே" என்றான். "மாரியம்மாவுக்கு மெழுகுத்திரியாடா, போடா" என்று ஒரு கிழவர் சீறினார். "அதுவும் கடையில இல்ல" என்றாள் இன்னொருத்தி. யாரோ சிரித்தார்கள். அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள். தவமணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து தலையிலடித்து அழுதாள்.

"சாமிக்கும் இல்லாம பண்ணிட்டானுங்களேடி! ஒரம் இல்ல, கொழுந்து இல்ல, முழுப்பேரு இல்ல, மண்ணெண்ணெய் இல்ல, மா இல்ல. பால் குடுக்க எறங்க முடியல, எறங்குனாலும் மார்ல ஒண்ணும் இல்ல. இதையெல்லாமா ஆயாம்மா தூக்கிட்டுப் போயி வீட்டுல வச்சிருக்காங்க? இத்தனையையும் இல்லாம பண்ணவன விட்டுட்டு நான் இந்தக் கெழவி கழுத்தப் புடிக்கிறேனே!"

அதற்கப்புறம் யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். உரத்தை நிறுத்தும்போது தோட்டத்தில் யாரைக் கேட்டார்கள் என்றார் ஒருவர். நாங்கள் பறித்த தேயிலையை விற்ற டாலர் எங்கே போனது என்றாள் ஒருத்தி. அந்தக் கேள்வி எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. டாலர் என்று ஸ்டோர்காரர் சொன்னபோது ஏதோ கண்காணாத சாமான் என்று நினைத்தேன். இந்தப் பெண்கள் முதுகில் சுமந்து இறக்கியதுதான் அது. தலைவர் "பொறுங்க" என்று ஆரம்பித்தார். "நீங்க பொறுத்துக்கிட்டு இருங்க, நாங்க ரோட்டுக்குப் போறோம்" என்றாள் தவமணி.

போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். நான் யோசித்து வைத்திருந்த சத்தியத்தை யாரும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்ற சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் 14, வியாழன்

வருஷப் பிறப்பு. பொங்கல் வைக்கவில்லை. யாருமே வைக்கவில்லை.

ஏப்ரல் 20, புதன்

காலி டின் ஒன்று. துஷானுக்கு வயிற்றாலே போகிறது, கஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை. வேறு வழி இல்லை.

ஏப்ரல் 28, வியாழன்

இன்றைக்கு நாடு முழுக்க வேலைநிறுத்தம். ஒருவரும் மலை ஏறவில்லை. எங்கள் கணக்கிலிருந்து டவுனுக்கு ஊர்வலமாகப் போனார்கள். நான் போகப்போவதில்லை என்றிருந்தேன். பெண்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "ஆயாம்மாதான் முன்னால நடக்கணும். நாம பழி போட்டோம்ல, அதுக்குப் பரிகாரம்" என்றாள் தவமணி. தான் கறுப்புக் கொடி பிடிக்க வேண்டும் என்று அபிஷாவை என் இடுப்பில் ஏற்றினாள்.

பையன்கள் கோஷம் போட்டார்கள். ஆலமுச்சந்தி தாண்டும்போதே அவர்கள் தொண்டை கட்டிவிட்டது. பிள்ளைகளை அதட்டி அதட்டி என் குரல் பழகின குரல். என்னைக் கத்தச் சொன்னார்கள். என்ன கத்துவதென்று தவமணிதான் சொல்லிக் கொடுத்தாள்.

"புள்ளைங்க பாலப் பறிச்சது யாரு?"

"அரசாங்கம்! அரசாங்கம்!"

முதல் தடவை எனக்கு வாய் குழறியது. மறுபடியும் கேட்டேன். பதில் மலையில் மோதித் திரும்பி வந்தது. ரோட்டோரம் நின்ற சிங்களப் பெண்களுக்கு வார்த்தை புரிந்திருக்காது, ஆனால் அபிஷாவைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவர்களும் சேர்ந்து நடந்தார்கள். கப்பலை நிறுத்தினது நான் இல்லை. உரத்தை நிறுத்தினது நான் இல்லை. தவமணியின் மார்பு வற்றினதற்கும் நான் காரணம் இல்லை. பதில் சரியான பதில்தான். அதற்காகக் கத்த எனக்கு உரிமை இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

ஆனால் டவுன் வந்தும் எனக்கு இடுப்பு வலிக்கவில்லை. இந்த வயதுப் பிள்ளையை வாசல் வரை தூக்கினாலே எனக்கு இடுப்பு ஒடியும். அத்தனை தூரம் ஏற்றமும் இறக்கமுமாகத் தூக்கி வந்திருக்கிறேன், ஒரு தடவைகூடப் பக்கம் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்றே தோன்றவில்லை. அப்போதுதான் அபிஷாவைக் குனிந்து பார்த்தேன்.

தவமணி பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தாள். அவள் காதருகே போய்ச் சொன்னேன்.

"தவமணி, அதுல கொஞ்சம் நானும் எடுத்தேன். டின்னு முழுசாக் காலியாகுறதுக்கு முன்னால எடுத்தேன். எம் பேரனுக்கு."

அவள் நின்றாள். பின்னால் வந்தவர்கள் எங்கள்மேல் இடித்து விலகிப் போனார்கள். என் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள், அறைவாள், கூட்டத்தை நிறுத்தி எல்லாருக்கும் சொல்வாள் என்று நின்றேன். அவள் கொடியைப் பக்கத்தில் வந்தவளிடம் கொடுத்தாள். என் இடுப்பிலிருந்து அபிஷாவை எடுத்துக்கொண்டாள்.

"கத்துங்க" என்றாள். "ஏன் நிறுத்திட்டீங்க? கத்துங்க."

நான் கத்தினேன். புள்ளைங்க பாலப் பறிச்சது யாரு என்று கேட்டேன். எல்லாரையும்விடச் சத்தமாக அவள்தான் பதில் சொன்னாள். அரசாங்கம், அரசாங்கம் என்று, பிள்ளையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, நேரே ரோட்டைப் பார்த்துச் சொன்னாள். டவுன் மணிக்கூண்டு வரை நான் கேட்டுக்கொண்டே போனேன். அவள் ஒரு தடவையும் பதில் சொல்லாமல் இருக்கவில்லை. ஒரு தடவையும் என் பக்கம் திரும்பவும் இல்லை.

ஏப்ரல் 29, வெள்ளி

மடுவத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல ஆயாம்மா, ஆயாம்மா என்று விட்டுவிட்டுப் போனார்கள். தவமணி யாரிடமும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

அபிஷா வரவில்லை. தவமணி அவளை முன்பக்கம் சேலையில் கட்டிக்கொண்டு, முதுகில் கூடையோடு மலை ஏறிவிட்டாள். அப்படிப் பறித்தால் அவளுக்கு அரைப்பேர்கூடக் கிடைக்காது.